மானிப்பாய் டாக்டரைத் தேடி ஐந்து நாட்கள்

திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 28 வருடம் தமிழ் வழியில் உயிரியல் நடத்தினேன். ஒரு முறை பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், காலேஜ் போனா எல்லாம் இங்கிலீஷ்தானே, இந்த வார்த்தைகளை எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கணும்?" என்று கேட்டான். அன்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. பிறகுதான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற பெயர் கண்ணில் பட்டது. 1864லேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே நடத்தியவர். அறுவை சிகிச்சை, பிரசவம், உடற்கூறு, வேதியியல் எல்லாவற்றுக்கும் தமிழில் பாடநூல் செய்தவர். இத்தனை வருடம் உயிரியல் நடத்தியும் அவரைத் தெரியாமல் இருந்திருக்கிறேன். பணி ஓய்வு பெற்றதும் நான் கிளம்பிய முதல் ஊர் மானிப்பாய்.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. பலாலி, நல்லூர்

சென்னையிலிருந்து சிறிய விமானம், விசிறி சுழல்வது. ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கடல் முடிந்துவிட்டது போல இருந்தது. பலாலியில் இறங்கி வெளியே வந்தால் சிவப்பு மண், பனை, வெங்காயப் பாத்தி. நாலு மணி வெயில் இதமாகத்தான் இருந்தது.

நல்லூரில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் தங்கல். வாசலிலேயே, "வாங்கோ தங்கச்சி, கரண்ட் இல்லை, நாடு முழுக்க இல்லையாம்" என்றார். பாணந்துறையில் ஒரு துணை மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து, மதியத்துக்கு முன்பே இலங்கை முழுவதும் மின்சாரம் போயிருந்தது. மோட்டார் ஓடாததால் கிணற்றில் வாளி போட்டு இறைத்துக் குளித்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு கயிறு பிடித்தது. பயணக் களைப்பு அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டது.

இருட்டும் நேரத்தில் விளக்கு ஏற்றி வைத்துச் சாப்பாடு. அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ச் சம்பல், மேலே ஊற்றிக்கொள்ளச் சொதி. சொதியை நான் ரசம் மாதிரி கடைசியில் ஊற்றப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்து, புட்டோடு குழைத்துக் காட்டினார்.

எதற்காக வந்தேன் என்று சொன்னதும் அவர் தன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னார். "அவ ஆஸ்பத்திரி எண்டே சொல்ல மாட்டா. ஆருக்காவது கடுமை எண்டால் 'மானிப்பாய்க்குக் கொண்டு போயிட்டினம்' எண்டுதான் சொல்லுவா." ஊர்ப் பெயரே மருத்துவமனைக்குப் பெயராக இருந்திருக்கிறது. படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வேலூருக்கு அந்தப் பெருமை உண்டு. அந்த வேலூருக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது நாளை மறுநாள்.

பிப்ரவரி 10, திங்கள். மானிப்பாய்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து காரைநகர் போகும் பஸ். மானிப்பாய்க்கு 50 ரூபாய், நம் பணத்தில் 15 தேறும். என் கைப்பையை உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிப் பெண் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது அவளே நினைவாக எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் மருதடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, எதிரே ஒரு கடையில் பால் தேத்தண்ணி குடித்தேன், 100 ரூபாய். அங்கிருந்து மருத்துவமனைக்குக் குறுக்கு வழி கேட்டு ஓர் ஒழுங்கையில் நடந்தேன். ஒழுங்கை என்றால் சந்து, இரு பக்கமும் வேலி. எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். ஒதுங்கி நின்றபோது வேலியில் நீட்டிக்கொண்டிருந்த பனை மட்டை உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மட்டையின் ஓரத்தில் ரம்பம் போல இருக்குமே, அந்தக் கருக்கு. கைக்குட்டையை மீறி ரத்தம் வந்தது. சைக்கிள் பெரியவர் பதறிப் போய், என்னைக் கரியரில் ஏறச் சொன்னார். நான் நடக்கிறேன் என்றதும் சைக்கிளை உருட்டிக்கொண்டே கூட வந்தார்.

இப்படித்தான் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனைக்குள் நான் நோயாளியாக நுழைந்தேன்.

தாதி, சின்னப் பெண், நிமிர்ந்து பார்த்து, "என்ன வருத்தம் அம்மா?" என்றாள். வருத்தம் ஒன்றும் இல்லை, கை கிழிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி, "இல்லை, என்ன வருத்தம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். கூட வந்த பெரியவர்தான் விளக்கினார்: இங்கே வருத்தம் என்றால் நோய். நோயாளி என்றால் வருத்தக்காரர். காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, ஏற்பு ஊசி போட்டாள். 'ஏற்பு' என்றால் டெட்டனஸ். அதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கட்டுப் போட்ட கையோடு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 1848இல் கிறீன் வந்து சேர்ந்த இடம் இந்த ஊர். அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக்காரர், நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். முதலில் கொஞ்ச நாள் வட்டுக்கோட்டை, அப்புறம் இங்கே. வந்த உடனேயே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். நன்றாகப் படித்தார்கள். ஆனால் படித்து முடித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது, சம்பளம் அதிகம். கால்சட்டையும் தொப்பியும் வந்தன. கிராமத்துக்கு டாக்டர் வரவில்லை. உடல்நலம் கெட்டு 1857இல் ஊருக்குப் போய், 1862இல் மனைவியோடு திரும்பி வந்த பிறகு, 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். வேட்டி கட்டிக்கொண்டு, சொந்த ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைத்ததே இல்லை. அதே காலத்தில் நல்லூரில் ஆறுமுக நாவலர் மிஷனரிகளுக்கு எதிராகப் பேசியும் அச்சடித்தும் பள்ளி திறந்தும் சைவத்தைக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருவர் மேலும் மதிப்பு உண்டு. இருவரும் தமிழ் உரைநடையில்தான் உழைத்தார்கள், ஒருவர் சமயத்துக்கு, ஒருவர் உடம்புக்கு.

அந்தப் பெரியவர் இன்னும் போகவில்லை. ஓய்வு பெற்ற டிஸ்பென்சராம், வயது 79.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"கிறீன் டாக்டரை."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "புதன்கிழமை போயா. நான் வீட்டிலதான் இருப்பன். வாங்கோ பிள்ளை, ஒண்டு காட்டுறன்" என்று சொல்லி, என் நோட்டில் வழியை வரைந்து கொடுத்தார். போயா என்றால் பௌர்ணமி.

மாலையில் நல்லூரில் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. கை விண்விண் என்று தெறித்தது. அக்கா மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய். வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு

இன்று தைப்பூசம். நமக்குக் காவடியும் வடலூர் ஜோதியும் என்றால், இங்கே புதிர் எடுக்கும் நாள். வயலில் முதலில் அறுத்த நெல்லைக் குத்திச் சமைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அக்காவின் தம்பி வயலிலிருந்து வந்த புது அரிசி. குழைவாக, லேசாக இனிக்கிற சோறு. அதற்கு முருங்கைக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, மோர் மிளகாய். சரியாகப் பிடிக்க முடியாத கையோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கையைக் காரணம் சொல்லி பஸ் வேண்டாம் என்றார் அக்கா. தெரிந்த தம்பி ஒருவர் ஆட்டோவில் அரை நாளுக்கு 5000 ரூபாய் சொன்னார். பேரம் பேசவில்லை. வழியில் எதிர்பார்த்ததை விட அதிக இடத்தில் நிறுத்திக் காட்டினார்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகளின் உயர்கல்விக்கூடமான செமினரி இருந்த இடத்தில் இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட செமினரி அது. சங்க நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை இங்கே படித்தவர்தான். கலித்தொகையைக் கையில் எடுக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த ஊரை ஒரு முறையாவது நினைக்க வேண்டும். அங்குள்ள பழைய தேவாலயத்தின் சுவர் அவ்வளவு கனம், உள்ளே போனதும் வெயில் நின்றுவிட்டது.

பண்டத்தரிப்பில் பார்க்க அதிகம் இல்லை. ஆனால் நான் மனம் கலங்கி நின்ற இடம் அதுதான். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1820இல் இங்கேதான் மருந்து கொடுக்கத் தொடங்கினார். கிறீனுக்கும் ஒரு தலைமுறை முந்தியவர். 1836இல் அவர் சென்னைக்குப் போனார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டிலேயே வைத்தியம் பார்த்தார்கள். அந்தப் பேத்திகளில் ஒருவர்தான் ஐடா ஸ்கடர், வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர். 1989இல் என் அப்பாவை வேலூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தார், என் கல்யாணத்தைப் பார்த்தார், பேரனைத் தூக்கினார். வேலூரில் நின்று நான் நன்றி சொன்னது எத்தனையோ முறை. பண்டத்தரிப்பில் நின்று இன்றுதான் சொன்னேன்.

ஆட்டோத் தம்பிக்கு ஸ்கடர் யார் என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும், "அப்ப வேலூர் எங்கட ஊரில இருந்துதான் போயிருக்கு" என்றார். அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்று பெயரை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன். போயா

பௌர்ணமிக்கு இங்கே நாடு தழுவிய விடுமுறை. பழைய புத்தகம் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட ஒரு கடைக்குக் காலையில் போனேன், பூட்டு. மணிக்கூட்டுக் கோபுரம் வரை வெயிலில் நடந்தது மிச்சம். கோபுரம் தாண்டி, வெள்ளையாக நிற்கும் பொது நூலகத்தை வெளியில் நின்று பார்த்தேன். 1981இல் எரிந்தபோது 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. ஒரு மருத்துவ நூலைத் தேடி வந்தவள் அந்த வாசலில் நின்றால் என்ன நினைப்பாள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பத்தரைக்கு மானிப்பாய். பெரியவர் வீட்டு முற்றத்தில் மாமரம் பூத்திருந்தது. அவர் மனைவி வெறுந்தேத்தண்ணியும் கடிக்கப் பனங்கட்டியும் கொண்டு வந்தார். பேத்தி ஏ.எல். படிக்கிறாள், நம் பிளஸ் டூ மாதிரி, உயிரியல் பிரிவு, தமிழ் மொழியில். என்னைப் பார்த்ததும் சந்தேகம் கேட்க நோட்டோடு வந்துவிட்டாள். ஆசிரியருக்கு இதைவிட நல்ல வரவேற்பு என்ன இருக்கிறது?

உள்ளறையிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது. பிரித்தால் வேப்பிலைச் சருகு, அதற்குள் 'இரண வைத்தியம்'. 1867இல் வந்த அறுவை சிகிச்சை நூல். முன்பக்கங்கள் இல்லை, ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது. பெரியவரின் மனைவி வழியில் ஒரு மூதாதை கிறீனிடம் தமிழில் படித்தவராம். 1995 அக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தபோது இவர் சைக்கிளில் இரண்டு உரப்பை கட்டினார். ஒன்றில் அரிசி. மற்றதில் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இந்தப் புத்தகமும்.

"மழை. சனம் நெருக்கி நிக்குது, சைக்கிள் அசையேல்லை. மனிசி சொன்னா, 'அரிசி நனைஞ்சாலும் பரவாயில்லை, அந்தப் பையை மேல போடுங்கோ' எண்டு."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தில் இன்னும் இரண்டு துண்டு பனங்கட்டி வைத்தார்.

கட்டுப் போடாத கையால் பக்கங்களைத் திருப்பினேன். அச்சு அவ்வளவு தெளிவு. மார்ஜினில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுத்து. முதலில் குறிப்பு என்று நினைத்தேன். வாசித்துப் பார்த்தால் ஊர்ப் பெயர்கள். அரியாலை. சுழிபுரம். காரைநகர். மறுபடி காரைநகர். எலும்பு முறிவுப் பகுதியில் நாலு ஊர், கட்டிகள் பகுதியில் ஒரு பக்கம் முழுக்க. படித்த முறையை எங்கே செய்து பார்த்தாரோ அந்த ஊரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார் அந்த டாக்டர். கிறீன் ஆசைப்பட்டது இதைத்தானே. டாக்டர் உத்தியோகத்துக்குக் கொழும்பு போகவில்லை, காரைநகருக்குப் போயிருக்கிறார்.

இந்த நூல்களைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. சாப்மன், டான்போர்த், சுவாமிநாதன் என்று அவருடைய மாணவர்களே மொழிபெயர்த்தார்கள். பெயர்தான் அமெரிக்கப் பெயர், ஆட்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். கிறீன் வரி வரியாகத் திருத்தினார். 1873இல் உடம்பு முடியாமல் அமெரிக்கா போன பிறகும் இந்த வேலையை அவர் விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இல் நம் நாகர்கோவிலில் அச்சானது. 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. 1884 மே மாதம் வூஸ்டரில் இறந்தார். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். தன் கல்லறையில் 'தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர்' என்று பொறிக்கும்படி எழுதி வைத்திருந்தார், அப்படியே பொறித்தார்கள். பிறந்த ஊரில் புதைக்கப்பட்டவர் நம் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் பெரியவர் ஒரு விளையாட்டுத் தொடங்கினார். அவர் கிறீன் வைத்த பெயரைச் சொல்வார், நாங்கள் எங்கள் பாடப்புத்தகப் பெயரைச் சொல்ல வேண்டும்.

"அங்காதிபாதம்."

"உடற்கூறியல்" என்றேன்.

"சுகரணம்."

நான் "உடலியங்கியல்" என்ற அதே நேரத்தில் பேத்தி "உடற்றொழிலியல்" என்றாள்.

"கெமிஸ்தம்."

"வேதியியல்." "இரசாயனவியல்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நூற்றைம்பது வருடத்துக்கு முன் இன்னொன்று. சுகரணம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உடம்பு வேலை செய்வதைப் பற்றிய பாடத்துக்குள் 'சுகம்' என்ற சொல் ஒலிக்கும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு எங்கள் பாடப்புத்தகச் சொல்லை விட அது பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பேத்தி சொன்னாள், "மெடிக்கல் ஃபக்கல்ட்டிக்குப் போனால் எல்லாம் இங்கிலிஷ்தான் அன்ரி." என் பையன் கேட்ட அதே கேள்வி, கேள்விக்குறி இல்லாமல்.

பெரியவர் பதில் சொல்லவில்லை, கதை சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்து முடித்த கையோடு வந்த ஒரு டாக்டர். நல்ல கெட்டிக்காரர். ஒரு கிழவி வந்து, "உடம்பெல்லாம் உளையுது, வயித்தைப் பிரட்டுது, விறைக்குது" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் நகரத்தில் வளர்ந்தவர், மூன்றுக்கும் சேர்த்து வலி என்று ஒரே சொல்லை எழுதிக்கொண்டார். பெரியவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், உளைவு என்றால் குடைச்சல், பிரட்டு என்றால் குமட்டல், விறைப்பு என்றால் மரத்துப்போவது, மூன்றும் வேறு வேறு என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. கிழவியைத் திரும்பக் கூப்பிட்டு, முதலிலிருந்து விசாரித்தார். மருந்து மாறியது. அடுத்த வாரத்திலிருந்து அந்த டாக்டர் மேசையில் ஒரு சின்னக் கொப்பி இருந்ததாம், வருத்தக்காரர் சொல்கிற சொல்லை எழுதிக்கொள்ள.

நானும் என் நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தலையிடி, தடிமன், சத்தி, வயிற்றோட்டம், உளைவு, குத்து, நோ. தடிமன் என்றால் ஜலதோஷம். சத்தி என்றால் வாந்தி. நோ என்றால் வலி. பேத்தியும் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரிந்த சொற்கள்தான், இருந்தாலும்.

மதியம் மரக்கறிச் சாப்பாடு அங்கேயே. காசு கொடுப்பதைப் பற்றி நினைக்கக்கூட விடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன். திரும்புதல்

காலையில் மருத்துவமனைக்கு ஒரு நடை, கட்டு மாற்ற. அதே தாதி. "வருத்தம் எப்பிடி?" என்றாள். குறைந்துவிட்டது என்றேன், இந்த முறை யோசிக்காமல்.

அக்கா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், ஒடியல் மாவும் மோர் மிளகாயும். பலாலிக்குப் போகும் வழியில் முதல் நாள் பார்த்த வெங்காயப் பாத்திகளில் ஆட்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பேத்தி கிளம்பும்போது ஒன்று கேட்டிருந்தாள்: தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம், தமிழில் உள்ளது, கிடைக்குமா? திருச்சி வந்த மறுநாளே என் அலமாரியிலிருந்த விலங்கியல் புத்தகத்தை எடுத்தேன். கடைசி வருடம் நான் வகுப்புக்குக் கொண்டு போன பிரதி, அடிக்கோடுகள் உண்டு. பார்சல் கட்டும் முன் நோய்த்தடைக்காப்பியல் பாடத்தைத் திறந்து, தடுப்பூசி பற்றி வரும் பக்கத்து மார்ஜினில் பென்சிலால் எழுதினேன்: மானிப்பாய், 10.2.2025.